கண்ணுக்குள் கறுப்புக் கட்டி தானாகச் சுருங்குமா? ஒரு சகோதரியின் கடிதத்திற்குப் பதில்



நமது கண் சிகிச்சை ஊழியத்தைப் பல ஆண்டுகளாக ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் சகோதரி ஒருவர், சில மாதங்களுக்கு முன் மணியார்டரோடு ஒரு நீண்ட கடிதமும் அனுப்பியிருந்தார். அவருடைய தம்பிக்கு வயது 52. ஒரு கண்ணின் ஓரத்தில் திரை விழுந்ததுபோல் இருக்கிறது என்று கண்ணாடி மாற்றப் போயிருக்கிறார். பார்த்த டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பரிசோதித்து, கண்ணின் பின்புறத்தில் கறுப்பாக ஒரு கட்டி இருக்கிறது, மெலனோமா என்னும் புற்றுநோயாக இருக்கக்கூடும், தாமதிக்காமல் பெரிய மையத்திற்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே சபையில் யாரோ ஒரு துண்டுப் பிரசுரத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். கண்ணில் இருந்த கறுப்புக் கட்டி மருந்தில்லாமல் சுருங்கிப் போனதாக ஒருவர் சொன்ன சாட்சி அதில் இருந்தது. அதைப் படித்த தம்பி, "மூன்று மாதம் உபவாசித்து ஜெபிக்கிறேன், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். "அப்படிச் சுருங்குவது உண்மையா? உண்மையென்றால் காத்திருப்பதில் என்ன தவறு? எனக்கு அவனிடம் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று சகோதரி எழுதியிருந்தார்.

கடிதம் வந்த அன்று மாலையே அவரோடு தொலைபேசியில் பேசினோம். அன்று அவசரமாகச் சொன்னதை இப்போது அவருடைய அனுமதியோடு சற்று விரிவாக எழுதுகிறோம். இதே கேள்வியை வேறு நோய்களைக் குறித்தும் நம்மிடம் கேட்கிறவர்கள் உண்டு.

முதலில் நேரடியான பதில். ஆம், கண்ணுக்குள் இருக்கும் கறுப்புக் கட்டி சிகிச்சையில்லாமல் சுருங்கியது உண்டு. மருத்துவர்கள் அதைப் பார்த்து, படம் எடுத்து, பத்திரிகைகளில் எழுதியும் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தம்பி மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் கண்ணின் சுவர் மூன்று அடுக்கு கொண்டது. வெளியே உறுதியான வெள்ளைப் படலம். உள்ளே, ஒளியை வாங்கும் விழித்திரை. இரண்டுக்கும் நடுவே இரத்தக் குழாய்களும் கறுப்பு நிறமியும் நிறைந்த ஓர் அடுக்கு உண்டு. அதை யுவியா என்கிறார்கள். லத்தீனில் திராட்சைக்குள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வெள்ளைப் படலத்தை உரித்துவிட்டுப் பார்த்தால் கண் உண்மையிலேயே ஒரு கறுப்புத் திராட்சையைப் போலத்தான் இருக்கும். நம் தோலுக்கு நிறம் தருகிற அதே வகை அணுக்கள்தான் அங்கேயும் இருக்கின்றன. அவை கட்டுக்கடங்காமல் பெருகினால் அது மெலனோமா. இந்த அடுக்கின் பின்பகுதிக்குக் கோராய்டு என்று பெயர். கண் மெலனோமாக்களில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. வலி இருக்காது, கண் சிவக்காது. பார்வையின் நடுப்பகுதி மறைக்கப்படும்வரை பலருக்குத் தெரியாமலே போய்விடும்.

இது அரிதான நோய். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 அல்லது 6 பேருக்கு வருகிறது. வெள்ளைத் தோலும் வெளிர்நிறக் கண்களும் உள்ளவர்களுக்கே அதிகம். நம் நாட்டில் அதைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் வந்துவிட்டால் இங்கேயும் அதே நோய்தான். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, சில ஆண்டுகளிலோ பல ஆண்டுகள் கழித்தோ, அது உடலின் வேறு இடங்களுக்குப் பரவுகிறது. கண்ணின் உட்புறத்தில் நிணநீர்க் குழாய்கள் இல்லாததால் இரத்தத்தின் வழியாகப் போய், பெரும்பாலும் ஈரலில் தங்குகிறது. ஒரு கண் செயற்கைக் கண்ணாக இருந்து ஈரலும் வீங்கியிருக்கும் நோயாளியைக் கண்டால் எச்சரிக்கையாயிரு என்று மூத்த டாக்டர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். கண்ணை எடுத்துப் பல ஆண்டுகள் கழித்தும், நோயாளியே அதை மறந்துபோன பிறகும், நோய் ஈரலில் தலைகாட்டியிருக்கிறது.

இனி, சுருங்குவதைப் பற்றி.

புற்றுநோய் தானாகச் சுருங்குவதைக் குறித்து எவர்சன், கோல் என்னும் இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1966ல் ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். 1900 முதல் அறுபதுகள் வரை உலக மருத்துவ ஏடுகளில் வந்தவற்றையெல்லாம் சலித்து, நம்பத்தக்கவை என்று 176 நிகழ்ச்சிகளை மட்டுமே ஏற்றுக்கொண்டார்கள். சிகிச்சையே இல்லாமலோ, அந்த அளவு பலன் தரப் போதாத சிகிச்சையோடோ கட்டி முழுமையாகவோ ஓரளவோ மறைந்தால்தான் கணக்கில் எடுத்தார்கள். இத்தாலியில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரகிரின் என்ற துறவியைக் கத்தோலிக்கச் சகோதரர்கள் அறிவார்கள். காலை வெட்டி எடுக்க இருந்த வேளையில் அவருடைய கட்டி மறைந்துவிட்டதாகச் சொல்வார்கள். தானாக மறையும் கட்டிகளுக்கு அவர் பெயரையே சூட்டிய டாக்டர்களும் உண்டு.

கண் மெலனோமாவிலும் இப்படி நடந்திருக்கிறது. 1974ல் டென்மார்க் மருத்துவர்கள் ஒரு நிகழ்ச்சியை எழுதினார்கள். 1986ல் அமெரிக்காவிலிருந்து ஒன்று வந்தது. 1999ல் பிலடெல்பியா நகரத்துக் கண் மருத்துவர்கள், கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டதோடு கட்டி ஓரளவு சுருங்கியதை எழுதினார்கள். முழுவதும் சுருங்கவில்லை என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனித்தனியாக எழுதத்தக்க அளவுக்கு அபூர்வம் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்தவர்கள் கைவிரல்களில் எண்ணக்கூடியவற்றைத்தான் சொல்கிறார்கள்.

ஏன் சுருங்குகிறது? ஒரு காரணம் பட்டினி. கட்டி வேகமாக வளரும்போது அதற்குப் போகும் இரத்தம் போதாமல் உள்ளேயே அழுகிச் செத்துவிடுகிறது. வாடிய கட்டி சிறுத்துப் போகலாம். ஆனால் அழுகும்போது கண் சிவந்து, வீங்கி, உள் அழுத்தம் ஏறி, தாங்கமுடியாத வலி வரும். சில சமயம் கண் முழுவதுமே சுருங்கிப் பார்வையற்றுப் போய்விடும். கட்டியின் ஓரத்தில் உயிரோடு மிஞ்சிய அணுக்கள் பிறகு தங்கள் வேலையைத் தொடரும். சுருங்கிய குருட்டுக் கண் என்று பல ஆண்டுகள் விட்டுவைத்த கண்ணுக்குள் மெலனோமா ஒளிந்திருந்தது, எடுத்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது என்ற வரலாறுகள் உண்டு.

இன்னொரு காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தி கட்டியை அடையாளம் கண்டு தாக்குவது. தோலில் வரும் மெலனோமாவில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். கட்டியின் ஒரு பகுதி வெளிறி மறைந்திருக்க, அதே நோயாளியின் தோலில் வெண்புள்ளிகள் தோன்றும். நிறமி அணுக்களைத் தாக்கக் கிளம்பிய சேனை நல்லது கெட்டது பாராமல் இரண்டையும் தாக்குகிறது. கண்ணில் இது ஏன் அரிது என்றால், கண்ணின் உட்புறம் எதிர்ப்புச் சக்தி எளிதில் பாய்ந்து தாக்காத ஓர் இடம். அங்கே பெரிய போர் நடந்தால் பார்வையே போய்விடும் அல்லவா! சிருஷ்டிகர் கண்ணுக்குக் கொடுத்த இந்தப் பாதுகாப்பு, துரதிர்ஷ்டவசமாகக் கட்டிக்கும் நிழல் கொடுக்கிறது. பரவிவிட்ட கண் மெலனோமாவில் உடலின் எதிர்ப்பு அணுக்களைக் கட்டியை நோக்கித் திருப்பிவிடும் டெபென்டாஃபஸ்ப் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2022ல் அனுமதி கொடுத்தது. எல்லாருக்கும் பொருந்தாது. ஒரு குறிப்பிட்ட திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே. விலையும் நம் மக்களுக்கு எட்டாதது.

மூன்றாவது காரணம்தான் எங்கள் அனுபவத்தில் முக்கியமானது. சுருங்கியது மெலனோமாவே அல்ல. விழித்திரைக்கு அடியில் இரத்தம் கசிந்து தேங்கினால் அது கறுப்பாக, மேடாக, பார்ப்பதற்குக் கட்டியைப் போலவே இருக்கும். முதியவர்களுக்கு இது வருவது சகஜம். சில மாதங்களில் இரத்தம் உறிஞ்சப்பட்டு மேடு மறைந்துவிடும். நம் நாட்டில் காசநோய்க் கிருமியாலும் கோராய்டில் கட்டி போன்ற வீக்கம் உண்டாகும். காசநோய் மருந்து கொடுத்தால் அது கரைந்துவிடும். நிபுணர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். வாஷிங்டனில் இராணுவ நோய்க்கூறு ஆய்வகத்தில், மெலனோமா என்று நினைத்து எடுக்கப்பட்ட கண்களை ஆராய்ந்து 1964ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. ஐந்தில் ஒரு பங்கிற்கு அருகே வேறு நோய்கள் என்று தெரியவந்தது. எத்தனை பேர் தேவையில்லாமல் கண்ணை இழந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் ஒலி அலை ஸ்கேனும் சாயம் செலுத்தி எடுக்கும் படங்களும் வந்தன. 1998ல் அமெரிக்காவின் பெரிய கூட்டு ஆய்வில் எடுக்கப்பட்ட 1,500க்கும் மேற்பட்ட கண்களில் 99.7 சதவீதம் மெலனோமாதான் என்று உறுதியாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகளில் இவ்வளவு முன்னேற்றம்.

மெலனோமாவைப் போலவே தோன்றும் இன்னொரு கட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். மெலனோசைட்டோமா என்பது அதன் பெயர். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தில் நல்ல மை போன்ற கறுப்பில் உட்கார்ந்திருக்கும். மெலனோமாவைப்போல இது வெள்ளையருக்கு மட்டும் அதிகமாக வருவதில்லை. நிறமுள்ள தோல் கொண்ட நமக்கும் ஆப்பிரிக்கருக்கும் வருகிறது. ஒரு காலத்தில் இதையும் புற்றுநோய் என்றெண்ணிக் கண்ணை எடுத்துவந்தார்கள். சிம்மர்மன், காரன் என்ற இரு மருத்துவர்கள் 1962ல் இது தீங்கற்ற கட்டி என்று தெளிவாக எழுதிய பிறகுதான் அந்தக் கண்கள் தப்பின. 2004ல் பிலடெல்பியாவிலிருந்து 115 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. 5 ஆண்டுகளில் 11 சதவீதம் பேருக்கும், 10 ஆண்டுகளில் 32 சதவீதம் பேருக்கும் கட்டி சற்று வளர்ந்திருந்தது. இரண்டு பேருக்கு மட்டும் புற்றாக மாறியது. ஆகவே எடுக்கவும் வேண்டாம், மறக்கவும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்து முன்னதோடு ஒப்பிடவேண்டும்.

இந்தக் கட்டியும் சில நேரம் தானாக அழுகிச் சுருங்கும். அது நல்ல செய்தியாகவும் முடியலாம், மோசமாகவும் முடியலாம். பார்வை நரம்பின்மேல் அழுகினால் வீக்கம் நரம்பை நெருக்கி ஓரிரு நாளில் பார்வை மங்கும். கண்ணின் முன்புறம் ஐரிஸில் அழுகினால் உதிரும் நிறமித்தூள் கண்ணின் நீர் வடியும் வழியை அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டி சிறுத்திருக்கிறது. உள்ளே நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது.

நம் காணிக்கையாளர்களில் சிலர், "ஆபரேஷனும் இல்லை, மருந்தும் இல்லை, ஒரே நோயாளிக்கு ஏன் வருடா வருடம் பஸ் செலவும் படச் செலவும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட நோயாளிக்கு நாம் கொடுக்கும் சிகிச்சையே அந்தப் படம்தான். சென்ற ஆண்டுப் படம் கையில் இல்லாவிட்டால், வளர்ந்ததா, சுருங்கினதா, அப்படியே இருக்கிறதா என்று யாராலும் சொல்லமுடியாது. கூலி வேலைக்குப் போகிறவர் வலியில்லாத கண்ணுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரமாட்டார். பஸ் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்தால் வருகிறார். ஸ்கேன் கருவி வாங்க நன்கொடை தாராளமாக வரும், கருவியின்மேல் பெயர் பொறிக்கலாம். பஸ் டிக்கெட்டின்மேல் யார் பெயரைப் பொறிப்பது!

மறுபடியும் சகோதரியின் தம்பியிடம் வருவோம். தொலைபேசியில் அவரோடும் பேசினோம். பேசப் பேச ஒன்று புரிந்தது. அந்தப் பிரசுரத்தைவிட அவரைப் பிடித்திருந்தது பயம். கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். ஒற்றைக் கண்ணோடு சம்பந்தியின் முன்னால் எப்படி நிற்பது என்று எங்களிடம் வெளிப்படையாகவே கேட்டார். ஆகவே அவருக்கு அற்புதத்தைப் பற்றி நாங்கள் வாதம் பண்ணவில்லை. 2001ல் வெளியான ஆய்வைச் சொன்னோம். நடுத்தர அளவுள்ள மெலனோமா கொண்ட 1,317 பேரில் ஒரு பகுதியினருக்குக் கண்ணை எடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கதிரியக்கம் உள்ள சிறு தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்துச் சில நாள் வைத்து எடுத்தார்கள். ஆயுளில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. கட்டி அளவோடு இருக்கும்போது போனால் கண்ணைக் காக்க வழி உண்டு. காத்திருந்து அது பெரிதானால்தான் கண்ணை எடுக்கவேண்டி வரும். இந்தத் தகடுகள் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் அணு உலைக் கழிவிலிருந்தே ருத்தேனியம் 106ஐப் பிரித்துத் தகடு செய்து, 2020 முதல் அது நம் நாட்டு மருத்துவமனைகளில் பயன்படத் தொடங்கியது.

"அப்படியானால் ஜெபம்?" என்று அவர் கேட்டார். கர்த்தர் மருந்தில்லாமலும் சுகமாக்க வல்லவர் என்று விசுவாசிக்கிறோம். ஒவ்வொரு காலையும் வார்டில் ஜெபித்துத்தான் வேலையைத் தொடங்குகிறோம். ஆனால் சுவிசேஷத்தில் குஷ்டரோகி சுத்தமான பிறகும், ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கும்படி இயேசு அனுப்பினார் என்பதையும் வாசிக்கிறோம். பரிசோதனைக்குப் பயப்படுகிற சுகம் அங்கே இல்லை. எங்களிடம் யாராவது கட்டி மறைந்தது என்று சாட்சி சொல்ல வந்தால் மகிழ்ச்சியோடு கேட்கிறோம். முதலில் என்ன கட்டி என்று உறுதிசெய்த சீட்டு எங்கே, முன் படம் எங்கே, பின் படம் எங்கே, ஈரல் ஸ்கேன் எப்போது எடுத்தது என்றும் கேட்கிறோம். இவை இல்லாத சாட்சியை இந்தச் செய்திமடலில் அச்சிடுவதில்லை. அதற்காக வருத்தப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பிரசுரத்தில் இருந்தவரின் கட்டி என்னவென்று யாருக்கும் தெரியாது. இரத்தக் கசிவாகவும் இருந்திருக்கலாம். அவர் சுகமாயிருப்பதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். அவருடைய கண்ணைக் கொண்டு இன்னொருவரின் கண்ணுக்கு நாள் குறிக்கக்கூடாது.

குழந்தைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் கண் புற்றுநோய் கறுப்பல்ல, வெள்ளை. கண்ணின் பாப்பா பூனைக்கண்போல் வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னும். நம் மருத்துவமனைக்கு மெலனோமாவைவிட இதுதான் அதிகம் வருகிறது. இதுவும் அபூர்வமாகத் தானாகச் சுருங்குவதுண்டு. அப்படிச் சுருங்கினாலும் மறுகண்ணிலும், பின்னால் பிறக்கும் பிள்ளைகளிலும் நோய் வரக்கூடும். எந்தக் குழந்தையின் கண்ணிலாவது, அல்லது புகைப்படத்திலாவது, இந்த வெள்ளை மினுக்கத்தைக் கண்டால் அடுத்த ஞாயிறுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

தம்பி மறு திங்கட்கிழமையே புறப்பட்டுப் போனார். சகோதரி துணைக்குப் போனார். ஸ்கேனில் அது கெட்டியான கட்டி என்றும், மேலே ஆரஞ்சு நிறப் படிவும் அடியில் நீரும் இருப்பதாகவும் தெரிந்தது. மெலனோமாதான். ஈரல் சுத்தமாக இருந்தது. தகட்டைத் தைத்துச் சில நாட்களில் எடுத்துவிட்டார்கள். மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

போன வாரம் சகோதரியிடமிருந்து மறுபடியும் ஒரு கடிதம். மூன்று மாதம் ஆகிவிட்டது, படத்தில் கட்டி கொஞ்சம்தான் சுருங்கியிருக்கிறது, சிகிச்சை பலிக்கவில்லையோ என்று கவலையோடு எழுதியிருக்கிறார். அவருக்கு எழுதிய பதிலையே இங்கேயும் தருகிறோம். தகடு வைத்த பிறகு இந்தக் கட்டிகள் மெதுவாகத்தான், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடச் சுருங்கும். 1987ல் பிலடெல்பியா மருத்துவர்கள் கணக்கிட்டபோது, கதிர்ச் சிகிச்சைக்குப் பின் மளமளவென்று சுருங்கிய கட்டிகள் உள்ளவர்களிடம்தான் பின்னால் நோய் பரவுவது அதிகமாக இருந்தது. வேகமாகப் பெருகும் அணுக்களே கதிரில் வேகமாகச் சாகின்றன என்பது ஒரு விளக்கம். பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் இதில் ஒத்துப்போகவில்லை. எப்படியானாலும், மெதுவாகச் சுருங்குகிறது என்பதற்காகக் கலங்கவேண்டியதில்லை. அடுத்த கண் படமும் ஈரல் ஸ்கேனும் இன்னும் மூன்று மாதத்தில். பயணச் செலவை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த நாளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.